பூனை வழியாகப் பேசியவர்கள்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பதிப்பகத்தில் சீதாலெட்சுமி பதினான்கு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறாள். ஒருவர் பேசி முடித்தால் அடுத்தவர் பேச்சைப் புது வரியில் தொடங்குங்கள், மேற்கோள் குறியைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள், யார் யாரிடம் சொல்கிறார் என்று படிக்கிறவருக்கு விளங்கவேண்டும். இதையே எத்தனை எழுத்தாளர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! குறியைத் திறந்துவிட்டு மூடாமல் போகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆத்திரமாக வரும். எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம்.

அவள் முதல்முறையாகத் தானே எழுதிய கதையை அன்று மதியம் சுகுமாறன் திருப்பிக் கொண்டுவந்தான். பதிப்பகத்தை நடத்துகிறவன் அவன்தான். அவளைவிடப் பத்து வயது இளையவன்.

“கத நல்லா இருக்கு லா, அக்கா. ஆனா இந்தப் புருஷனும் பொண்டாட்டியும் ஒரு தடவகூட நேரா பேசிக்கலையே! ரெண்டு பேரும் பூனைகிட்டயே பேசிட்டிருந்தா எப்படி? கடைசி சீன்ல அந்த ஆளு அவகிட்ட நேரா ஒரு வார்த்த பேசணும்.”

“ஒரு வரிதானே தம்பி. போட்டுறலாம்.”

“நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு ஃபைல் அச்சகத்துக்குப் போகுது. அதுக்குள்ள அந்த வரி வரலன்னா இந்தக் கதைய எடுத்துட்டு வேற கத போட்டுருவேன். சாரிக்கா.”

ஒரு வரிதான். அது வரவில்லை. ‘என்னை மன்னித்துவிடு கண்ணே’ என்று தட்டினாள். லோரி ஓட்டுகிற புருஷன் எவன் கண்ணே என்பான்? அழித்தாள். ‘நடந்ததை மறந்துவிடுவோம்’ என்று தட்டினாள். அமைச்சர் பேசுவது மாதிரி இருந்தது. அதையும் அழித்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், திரும்ப வந்து உட்கார்ந்தாள். நான்கு மணிக்கு மேல் நாற்காலியே முள்ளாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் புருஷன் பேசவேண்டிய இடத்தில் வெறும் மேற்கோள் குறிகளை மட்டும் திறந்து மூடி, அப்படியே அச்செடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கதையில் வரும் புருஷன் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர் இராமலிங்கம்தான். போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். மகன் ஜீவனுக்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் வெல்டிங் வேலை கிடைத்தபோது, அப்பா தடுத்துவிடுவார் என்று அம்மாவும் மகனும் பயந்தார்கள். எல்லாம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மூன்று மாதம் அவள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் லோரி யார்டில் கூட வேலை செய்யும் கிஷன் வாயிலிருந்துதான் அவருக்குத் தெரிந்தது.

அன்று அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவளும் ரோஷக்காரி, நிறுத்திக்கொண்டாள். மகன் வீட்டில் இருந்தவரை, ‘அம்மாகிட்ட சொல்லு’, ‘அப்பாகிட்ட கேளு’ என்று அவன் நடுவில் நின்றான். அவன் விமானம் ஏறியதும் அந்த உத்தியோகம் வீட்டுப் பூனைக்குப் போனது. கறுப்புப் பூனை. பெயர் கோப்பி. மகன் போன் செய்தாலும் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

“கோப்பி, மீன் கறில உப்பு இல்லன்னு சொல்லு.”

“கோப்பி, உப்பு எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும்னு சொல்லு.”

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பதினோரு மாதமாக இதேதான் என்றால் யார் சிரிப்பது?

கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் கிள்ளான் போகும் கொம்யூட்டர் ரயில் ஏறினாள். இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. சுபாங் ஜெயா போனது, ஷா ஆலம் போனது. அவர் தன்னைச் ‘சீதா’ என்று கூப்பிடும் குரலை நினைத்துப் பார்த்தாள். அந்தக் குரல் காதுக்குள் வரவே மாட்டேன் என்றது. அப்போதுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது. கதை போனால் போகட்டும், இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால் மனிதரே போய்விடுவார் போலிருந்தது.

வீட்டில் அவர் கைலி கட்டிக்கொண்டு மேசை முன் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தாள்களை அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

“கோப்பி, இது நான் எழுதுன கதைன்னு சொல்லு. கடைசிப் பக்கத்துல அவர் பேசுற வரி காலியா இருக்கு. நாளைக்குள்ள வேணும்னு சொல்லு.”

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் குளித்துவிட்டு, அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றிவிட்டு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. தாள்கள் கலைந்திருந்தன. மேலே பேனா கிடந்தது.

அவருடைய வரி காலியாகத்தான் இருந்தது. அதற்கு முந்தைய வரியை, மனைவி பூனையிடம் மழையைப் பற்றிச் சொல்வதாக அவள் எழுதியிருந்ததை, அவர் அடித்திருந்தார். மேலே, டெலிவரி தாளில் எழுதும் அதே பெரிய எழுத்தில், மேற்கோள் குறியைத் திறந்து மூடி எழுதியிருந்தார்: “நான்தான் உங்ககிட்ட மொதல்ல சொல்லியிருக்கணும்.”

சுர்ரென்று கோபம் வந்தது. என் வசனத்தைத் திருத்த இவர் யார்? இவருடைய வரியைக் கேட்டால் என்னுடையதில் கை வைக்கிறாரே! தாளை எடுத்துக் கிழிக்கப் போனவள் மறுபடி படித்தாள். கோபம் நிற்கவில்லை, வடிந்துவிட்டது. பதினோரு மாதமாக அவர் பேசட்டும், அவர் பேசட்டும் என்று காத்திருந்தாளே தவிர, முதல் பேச்சு தன்னுடையது என்று ஒரு நாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

வாசலில் அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கோப்பி. சீதாலெட்சுமி பூனையைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக்குள் விட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் எதிரில் நின்றாள்.

“ஜீவன் போற விஷயத்த நான்தான் உங்ககிட்ட மொதல்ல சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுங்க.”

சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அது திரும்பி மறைகிறவரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிஷன் பார்ட்டி கேட்டான் சீதா,” என்றார். “‘மகன் ஆஸ்திரேலியா போறானாமே, பார்ட்டி எப்பண்ணே’ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டான். எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நின்னு சிரிச்சேன்.”

கதைக்கு வேண்டிய வரி கிடைத்துவிட்டது. ஆனால் அந்த நிமிடம் அவளுக்குக் கதை நினைவிலேயே இல்லை. படியில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே கோப்பி கதவைப் பிறாண்டியது. இருவரில் யாரும் எழுந்துபோய்த் திறக்கவில்லை.

“ஜீவன் வேலை முடிஞ்சு வந்திருப்பான்ல?” என்றார் அவர்.

“வந்திருப்பான். நல்லாருக்கியான்னு நீங்க கேட்டதா சொல்லவா?”

“நீ போன் போடு. நானே பேசுறேன்.”