ஆடு தின்ற கடைசி அத்தியாயம்

பத்தாம் வகுப்பு தீபலட்சுமிக்குத் தன்னிடம் ஏதோ ஓர் அபூர்வ சக்தி ஒளிந்திருக்கிறது என்று சந்தேகம். எல்லாம் நூலகத்தில் எடுத்த மாயாஜால நாவலால் வந்த வினை. அதில் அரண்மனை அடுப்படியில் எச்சில் தட்டு கழுவும் நிலாமதிக்குள் உலகத்தில் யாருக்கும் இல்லாத ஒன்று இருக்கிறதாம். அது என்னவென்று கடைசி அத்தியாயம் வரை ஆசிரியர் மூச்சுவிடவில்லை. அவளுக்கு இருந்தால் நமக்கு இருக்கக் கூடாதா என்று தீபா ஒரு தீக்குச்சியை எரியச் சொல்லி முறைத்துப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

ஆனாலும் நாவலால் ஒரு லாபம் இருந்தது. கோவில்பட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பிள்ளைகளும் பசைச் சட்டி முன்னால் உட்கார வேண்டியதுதான். இவள் மட்டும் தன் வீட்டில் கூடி ஒட்டுகிற பெண்களுக்குச் சத்தமாகக் கதை வாசித்துத் தப்பித்துக்கொண்டிருந்தாள். கேபிள் டிவி பார்த்தால் கை நிற்கும், கதை கேட்டால் கை ஓடும் என்பது அம்மா சுந்தரம்மாளின் கட்சி. கதை நின்ற அன்றைக்கு நீயும் பசையைத் தொடு என்று கறாராகச் சொல்லியிருந்தாள்.

அந்தச் சனியன் பிடித்த ஆடு, கடைசி அத்தியாயம் வாசிக்க வேண்டிய அன்றைக்குத்தானா வர வேண்டும்? பக்கத்து வீட்டு ரெங்கம்மாளின் வெள்ளாடு, வாசலில் கிடந்த நாவலின் கடைசி அத்தியாயத்தை மட்டும் பதமாக இழுத்துத் தின்றிருந்தது. சாயங்காலம் பெண்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. தீபா மிச்சப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததை வாசித்தாள்.

அரண்மனைக்குள் புகுந்த அரக்கன், அவரவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் ஒவ்வொருவராகக் கல்லானார்கள். ராஜா கல், மந்திரி கல், தளபதி கல். நிலாமதியிடம் வந்ததும் அரக்கன் முழித்தான். அடுப்படிப் பிள்ளையை அரண்மனையில் யாரும் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பிறகு அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் முழித்துக்கொண்டு நிற்கையிலேயே அவள் கொதிக்கிற கஞ்சிப் பானையை அவன் தலையில் கவிழ்த்தாள். பெண்களின் கையெல்லாம் நின்றுவிட்டது. அம்மாகூட அதட்டவில்லை.

மறுநாள் எல்லாரும் இருக்கும்போது ரெங்கம்மாள் ஒரு கசங்கிய தாளோடு வந்தாள்.

"ஏட்டி, இது ஆடு தின்னது போக எங்க தொழுவுல கிடந்துச்சு. நேத்து காலைலயே ஆடு தின்னுருக்கு. பிறகு சாயங்காலம் நீ எதைப் பாத்து வாசிச்ச?"

அம்மா அந்தத் தாளை வாசிக்கச் சொன்னாள். நிலாமதி உண்மையில் தொலைந்துபோன இளவரசியாம். அரச ரத்தம் ஓடியதால்தான் அரக்கனை வென்றாளாம். வாசித்து முடித்தவள் பசைச் சட்டியைத் தானே இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். சக்தியும் இல்லை, பொய்க்காரி என்ற பட்டம் வேறு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இது தப்பு," என்றாள் ரெங்கம்மாள். "அச்சடிச்சவன் வேற எதையோ மாத்தி அடிச்சுட்டான்."

மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். ராஜா மகள் ஜெயித்தால் அதில் என்ன அதிசயம், தட்டு கழுவுகிறவள் ஜெயித்தாளே, அதுவல்லவா கதை என்றார்கள்.

சுந்தரம்மாள் மகளின் முன்னாலிருந்த சட்டியைப் பிடுங்கித் தள்ளி வைத்தாள்.

"புத்தகம் கிடக்கட்டும், நீயே சொல்லு. அரக்கன் பொண்டாட்டி சும்மாவா விடுவா?"