சகாயராஜின் பச்சைப் புள்ளி

செத்துப்போய்ப் பதினாலு மாதமான மனிதர் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு விக்கி இணையதளத்துக்கு வந்துவிட்டுப் போனார். விழுப்புரத்தில் தன் வாடகை வீட்டில் உட்கார்ந்து மலர்விழி கண்ணாரப் பார்த்தாள். பெயர்ப் பட்டியலில் முதலாவதாக நிற்கும் சகாயராஜ் என்ற பெயருக்கு நேரே, ஆள் உள்ளே வந்திருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிந்தது. ஒரு நிமிஷம் இருந்தது, அணைந்தது.

பயந்தாளா? அதுதான் இல்லை. "வந்துட்டியாண்ணே" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுப்பில் கிடந்த தோசையைத் திருப்பப் போனாள். அவளுக்கு இது பழகிப்போயிருந்தது. வாரத்துக்கு மூன்று நான்கு தடவை அந்தப் புள்ளி எரியும். எரியாத வாரத்தில்தான் அவளுக்குச் சோறு இறங்காது.

இத்தனைக்கும் அவள் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. சம்பளத்துக்குச் சென்னைக் கம்பெனிக்கு நிரல் எழுதுகிறவள். அந்தப் புள்ளியை எரிய வைக்கும் நிரலை எழுதியவளும் அவளேதான். உட்கார்ந்து தேடினால் அரை மணி நேரத்தில் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிடுவாள். தேடவில்லை. தேடினால் சரி செய்ய வேண்டும், சரி செய்தால் அண்ணன் வர மாட்டார். படித்த பெண்ணுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். துக்கம் வந்தால் எல்லோருக்கும் இப்படித்தான் வருகிறது.

சகாயராஜ் திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். சுற்றுவட்டாரக் கிணறுகளெல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்தக் கிணற்றில் படி உடைந்திருக்கிறது, எதில் இறங்கினால் மூச்சு முட்டும் என்பதெல்லாம் தலைக்குள் வைத்திருந்தார். தலைக்குள் இருந்தால் யாருக்குப் பிரயோஜனம் என்று, யாரும் எடுத்துத் தம் இஷ்டத்துக்குத் திருத்திக்கொள்ளலாம் எனத் திறந்துவிட்டிருக்கும் ஒரு விக்கி மென்பொருளை எடுத்து, 'கிணற்றடி' என்று ஆரம்பித்தார். கிணற்றுக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்தின் அடியில் ஜனங்கள் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் ஒரு பேச்சுப்பலகை வேண்டும் என்றார். விக்கியோடு அதைச் செருகிக்கொள்ளத்தான் மலர்விழி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ப்ளகின் எழுதினாள். எழுதிய கொஞ்ச நாளில் அவள் அவருக்குத் தங்கச்சி ஆகிவிட்டாள்.

ஒரு நாள் கடையில் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அண்ணன் பெயரை எடுக்கக் கூடாது, முதல் பெயராகவே இருக்கட்டும் என்று பலகையில் எல்லோரும் எழுதினார்கள். மலர்விழி ஒரு படி மேலே போனாள். யார் நினைத்தாலும் அந்தப் பெயரை நீக்கவோ கீழே தள்ளவோ முடியாதபடி நிரலில் ஒரு பூட்டைப் போட்டாள். போட்டுவிட்டு அன்றைக்கெல்லாம் அழுதாள்.

அந்தப் பெயரின் பச்சைப் புள்ளி மேல்தான் இப்போது தென்னரசு கை வைத்தான். அனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். விக்கி மென்பொருளின் புதுப் பதிப்புக்கு ஏற்றபடி ப்ளகினை மாற்றும் வேலையைப் பாதி அவன் எடுத்திருந்தான். அன்று மத்தியானம் போன் செய்தான்.

"அக்கா, அந்தப் பச்ச லைட்டு பேஜாரா கீதுக்கா. செத்தவரு ஆன்லைன்ல கீறாருன்னு புதுசா வர்றவங்க பயந்துக்கினு ஓடறாங்க. ரிலீசுக்கு முன்னாடி அத எடுத்துடலாம்."

"எடுக்க வேணாம்."

"அப்ப யாரோ அவரு அக்கவுண்ட்ல பூந்து வெளையாடறாங்கன்னு அர்த்தம். அதாவது பாக்கணுமா வேணாமா? நீங்க பாக்கலன்னா நான் பாக்கறேன்."

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வைத்தாள். ஆனால் அவன் சொன்னது உள்ளே தைத்துவிட்டது. அண்ணன் கணக்கில் வேறு யாராவது புகுந்திருந்தால்? மறுநாள் காலையிலேயே திண்டிவனம் பஸ் ஏறினாள்.

அண்ணன் மனைவி அருணா கதவைத் திறந்தார். "வாம்மா மலரு. வழி தெரிஞ்சிதா? வருசம் திரும்பினதுக்கு மாதா கோயில் பூசைக்குக்கூட வரல நீ."

மலர்விழி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். முன்னறையில் சேசு படத்துக்குப் பக்கத்தில் அண்ணன் போட்டோ. அதற்கு முன்னால், சிறிய ஸ்டூலில், சார்ஜர் வயர் செருகியபடி அவருடைய பழைய போன். கண்ணாடி கீறிய அதே போன். 

"இன்னும் வச்சிருக்கீங்களாக்கா?"

"மாசா மாசம் ரீசார்ஜ் பண்ணிக்கினுதான் கீறேன். ஊடு சத்தமே இல்லாம கெடந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்போல கீது. இது அப்பப்ப டிங்குன்னு அடிக்கும். 'உனக்குத்தாய்யா'ன்னு போட்டோவப் பாத்து சொல்லுவேன். எங்க வேலையா இருந்தாலும் சொல்லிருவேன்." அருணா முந்தானையால் போனின் மேல் தூசியைத் துடைத்தார். "நேத்துகூட பத்து மணிக்கா அடிச்சிச்சி."

பத்தேகால். மலர்விழிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"என்ன வந்திருக்குன்னு பாக்கவே இல்லியாக்கா?"

"அவருக்கு வர்ற கடுதாசிய நான் என்னிக்குப் பிரிச்சேன்? இரு, டீ போடறேன்." அருணா சமையலறைக்குப் போனார்.

மலர்விழி போனை எடுத்தாள். பூட்டு எண் அவளுக்குத் தெரியும், அண்ணனே சொன்னதுதான். திறந்ததும் கிணற்றடியின் அறிவிப்புகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'ஒரு பதிவு உங்கள் பார்வைக்குக் காத்திருக்கிறது.' நூற்று எண்பத்தேழு.

அட பாவி! அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லோன் விளம்பரக்காரர்கள் பேச்சுப்பலகையை நாறடித்தார்கள். ஆதார் இருந்தால் போதும், அஞ்சு நிமிஷத்தில் பணம் என்று போன் நம்பரோடு நூறு நூறாகப் போட்டார்கள். அதற்காக மலர்விழி ஒரு விதி எழுதினாள். புதிதாகச் சேர்ந்தவர் பதிவில் போன் நம்பர் இருந்தால் அது பலகையில் ஏறாது, தனியே நிற்கும். பட்டியலில் முதல் பெயர் யாரோ அவருக்கு மட்டும் அறிவிப்புப் போகும், அவர் பார்த்துவிட்டால் ஏறும். காலையில் டீ குடித்துக்கொண்டே அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துத் தள்ளிவிடுவார். வேறு யாருக்கும் அந்த வேலை இல்லை, வேறு யார் கண்ணுக்கும் அந்தப் பதிவுகள் தெரியவும் தெரியாது.

அவர் போன பிறகு முதல் பெயரை அவளே பூட்டி வைத்தாள். பதினாலு மாதமாக அவளுடைய நிரல் ஒரு செத்த மனிதரிடம் ஒழுங்காகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லும்போதெல்லாம் இந்தப் போன் விழித்துக்கொள்ளும், அங்கே பச்சைப் புள்ளி எரியும். அவள் 'வந்துட்டியாண்ணே' என்று கொஞ்சிய ஒவ்வொரு தடவையும் வந்தது அண்ணன் இல்லை. யாரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

லோனாகவே இருக்கட்டும் ஆண்டவனே, எல்லாம் லோன் விளம்பரமாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினாள். லோன். லோன். பழைய மோட்டார் விலைக்கு. லோன். திருவாமாத்தூர்ப் பக்கம் கிணற்றுப் படி உடைந்திருக்கிறது, யாரிடம் சொல்வது. லோன். அப்புறம் மார்ச் பதினொன்றாம் தேதி, காலை ஒன்பது நாற்பது.

'ஒலக்கூர் பக்கம். பழைய கிணறு எட்டு மாசமா மூடி கெடந்துச்சி. நாளைக்கு காத்தால தூரு எடுக்க எறங்கணும். வெளக்கு கட்டி உள்ள உட்டா பாதியிலயே அணைஞ்சி போவுது. எறங்கலாமா கூடாதா. தெரிஞ்சவங்க ஜல்தியா சொல்லுங்க. சின்னக்கண்ணு.' அடியில் அவருடைய போன் நம்பர்.

கிணற்றடிக்காரர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அரை நொடியில் சொல்லியிருப்பார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே காற்று இல்லை. அதைச் சொல்வதற்காகத்தான் அண்ணன் இந்த விக்கியையே ஆரம்பித்தார்.

இப்போது நவம்பர். மலர்விழி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிடாமல் விட்டால் அந்த ஆள் உயிரோடு இருப்பதாகவே காலம் முழுக்க நினைத்துக்கொள்ளலாம். அந்தப் பச்சைப் புள்ளியை அண்ணன் என்று நினைத்துக்கொண்ட மாதிரிதான். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அண்ணன் போனிலேயே அந்த எண்ணைத் தொட்டாள்.

நாலாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் மல்லாட்டைக் கடலை உடைக்கும் மிஷின் ஓடும் சத்தம்.

"யாருங்க?"

"சின்னக்கண்ணுங்களா?"

"ஆமாங்க, சின்னக்கண்ணுதான். நீங்க?"

உயிரோடு இருக்கிறார்! மலர்விழி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் வார்த்தை குழறியது. "கிணற்றடி விக்கியிலருந்து பேசறேங்கண்ணே. மார்ச் மாசம் ஒரு கேள்வி போட்டிருந்தீங்க. எங்க பக்கம் தப்பாயிடுச்சி, பாக்காம விட்டுட்டோம். நீங்க நல்லா கீறீங்களேண்ணே, அது போதும்."

 மிஷின் சத்தம் மெதுவாகத் தேய்ந்தது. அவர் தள்ளி நடந்து போகிறார் என்று தெரிந்தது.

"அன்னிக்கு பூரா போன கையில வச்சிக்கினு ஒக்காந்திருந்தேம்மா" என்றார். "போட்டதும் ஒண்ணு வந்துச்சி. 'உங்கள் பதிவு பார்வைக்குச் சென்றிருக்கிறது, விரைவில் பதில் வரும்'னு. எந்தம்பி, பெரியதம்பின்னு பேரு, அவன்தான் படிச்சிக் காட்டினான்."

அந்த வாசகத்தை எழுதியவள் மலர்விழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரியாதையாக இருக்கட்டும் என்று இரண்டு தடவை திருத்தி எழுதினாள்.

"பொழுது சாஞ்சிது, ஒண்ணும் வரல. கெணத்துக்காரரு வேற நெருக்கறாரு. தம்பி சொன்னான், 'கூடாதுன்னா இந்நேரம் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க அண்ணே, வெவரம் தெரிஞ்சவங்க பாத்துட்டு சும்மா கீறாங்கன்னா ஒண்ணும் இல்லன்னுதான அர்த்தம்'னு. காத்தால மொத ஆளா அவன்தான் எறங்கினான்."

மலர்விழி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கயித்த இழுத்தேன், இழுத்தேன்... வெயிட்டா இருந்துச்சி." அவர் அழவில்லை. அழுது முடித்தவர் குரல் அது. "சரி, சொல்லும்மா."

"என்னாங்கண்ணே?"

"கேட்டிருந்தனே. எறங்கலாமா, கூடாதா?"

அவர் குத்திக்காட்டவில்லை. கேலியும் செய்யவில்லை. எட்டு மாதமாக ஒரு பதிலுக்காகக் காத்திருந்தவர், அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள நின்றார். போட்டோவிலிருந்து சகாயராஜ் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவர் என்ன செய்வார்?

"கூடாதுங்கண்ணே" என்றாள்.

"ம்" என்றார் சின்னக்கண்ணு. போனை வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்போது அவள் காதோடு ஒட்டியிருந்த அண்ணன் போன் டிங்கென்று அடித்தது.

"உனக்குத்தாய்யா!" என்றார் அருணா, சமையலறையிலிருந்து.