தெருவுக்கு ஒரு தார்ப்பாய்

புயலால் எங்கள் தெருவில் லாபம் அடைந்த ஒரே ஆள் என் அண்ணன்தான். மற்றவர்களுக்கு ஓடு போனது, தகரம் போனது, கோடி வீட்டுக்காரருக்குச் சுவரே போனது. அண்ணனுக்குப் பதவி வந்தது. அவன் வீடு கான்கிரீட் வீடு. ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டதோடு சரி. காற்று ஓய்ந்த மறுநாள் குளித்து முழுகி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். முழங்கால் அளவு குப்பைக்கும் முறிந்த கிளைகளுக்கும் நடுவே ஒருவன் சலவைச் சட்டையோடு நின்றால் ஜனங்கள் அவனிடம்தானே போய் என்ன செய்யலாம் என்று கேட்பார்கள்? மதியத்துக்குள் அவன் நிவாரணக் குழுத் தலைவர் ஆகிவிட்டான். யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால், "சூழ்நிலைதான்" என்றான்.

அவனுக்குக் கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் வேலை. அங்கே அவனுக்குக் கீழே இரண்டு பேர். இரண்டு பேருமே அவன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. இங்கே ஒரு தெருவே வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. விடுவானா?

நான் அதே தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். முன்பக்கம் கடை, பின்னால் ஓர் அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையலறை. இவ்வளவுதான் என் சாம்ராஜ்யம். புயல் அன்று வாசல் மரம் கடையின் மேல் சாய்ந்தது. மெஷின் இன்னும் அதற்கு அடியில்தான் கிடக்கிறது. பின் அறையின் தகரக் கூரை மொத்தமாகப் பெயர்ந்து பறந்துபோய், இப்போது எந்தப் புண்ணியவான் வீட்டு வாசலில் கிடக்கிறதோ தெரியவில்லை. அந்தப் பின் அறையில்தான் அம்மா படுத்திருக்கிறாள்.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பிளேட் வைத்து, கட்டிலோடு கிடக்கிறாள். ஏற்கெனவே வீசிங். ஈரம் பட்டு நெஞ்சில் சளி கட்டினால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் எச்சரித்துத்தான் அனுப்பினார். புயல் இரவில் கட்டிலைச் சமையலறை வாசல்வரை இழுத்து, தலைமாட்டில் குடை பிடித்து, உடம்பின் மேல் மேஜை விரிப்பைப் போர்த்திக் கரையேற்றினேன். சமையலறைக் கூரையும் பாதிதான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் லைன்மேன். கம்பம் நட ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது போனவர்தான். போனும் கிடைக்கவில்லை. அண்ணன் தலைவராகி இரண்டாம் நாள் காலையிலிருந்தே, சாயங்காலம் மறுபடி கனமழை என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மழைக்கு முன்னால் அம்மாவின் தலைக்கு மேல் நனையாத ஒரு கூரை. பெற்ற மகன் நாலு வீடு தள்ளி கான்கிரீட் வீட்டில் இருக்கும்போது இதற்கு அலைய வேண்டுமா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன்.

அண்ணன் வீட்டு ஹாலில் கால் வைக்க இடமில்லை. எங்கெங்கிருந்தோ வந்த நன்கொடைத் துணிகள் மலையாகக் குவிந்து கிடந்தன. ஊரார் அலமாரியைக் காலி செய்ய நம் தலையில் புயல் விழ வேண்டியிருந்தது போலிருக்கிறது. ஜிகினா வைத்த பார்ட்டி கவுன், ஜிப் போன கம்பளிக் கோட்டு, ஒற்றைக்கால் பூட்ஸ், ஒரு கட்டு டை, நீச்சல் உடை. நீச்சல் உடை அனுப்பியவருக்கு எங்கள் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று யாரோ சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். அண்ணி நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து சிவப்புத் துணிகளைத் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏன் சிவப்பைத் தனியாக வைக்கிறாள் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

"அண்ணி, சாயங்காலம் மழையாம். அம்மாவை இங்க கொண்டாந்துடறேன். இந்த மூலையை மட்டும் ஒதுக்கிக் குடுங்க."

"அத்தை வந்தா எனக்கென்னம்மா கஷ்டம்? ஆனா இடம் எங்கே இருக்கு, நீயே பாரு. இதெல்லாம் பொதுச் சொத்து. ஒண்ணு குறைஞ்சாலும் எங்க பேருதான் கெடும்."

"அப்போ அம்மா என்ன, தனியார் சொத்தா?"

அண்ணி ஒரு சிவப்புச் சட்டையை எடுத்து உதறினாள். வாசலில் யாருக்கோ விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணன் உள்ளே வந்தான்.

"அம்மா மேல எனக்கு அக்கறையில்லாமலா இருக்கு? கொஞ்சம் யோசிச்சுப் பேசு. குழுவோட வீட்டுல முதல்ல குழுத் தலைவரோட குடும்பம் வந்து படுத்துக்கிச்சுன்னா நாலு பேரு என்ன பேசுவாங்க? தார்ப்பாய் வருது. முறைப்படி உனக்கும் கிடைக்கும்."

முறை என்று சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு தேஜஸ் வரும். சின்ன வயதில் ஒரு ரொட்டியை எங்களுக்குப் பங்கு வைக்கும்போது ஸ்கேலைத் தேடிப் போனவன் அவன். அவன் அளந்து முடிப்பதற்குள் எறும்பு வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். அம்மா எப்போதும் போல அவன் பக்கம்தான்.

"அவன் ஊருக்கு நாலு நல்லது செய்யறான். நீ குறுக்க நின்னு அவன் பேரைக் கெடுக்காதடி."

"நல்லது செய்யட்டும். பெத்தவ நனையாம செய்யட்டும்."

"வருவான். எம் பிள்ளை என்னை விட்டுடுவானா?" என்றாள். சொல்லிவிட்டு இருமினாள். இருமலுக்கு முதுகைத் தடவிக் கொடுத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அம்மாவின் அந்த நம்பிக்கைதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

மதியம் தார்ப்பாய் வந்தது. ஏதோ ஒரு சங்கத்திலிருந்து லாரியில் அனுப்பியிருந்தார்கள். ஒரே தார்ப்பாய், ஆனால் என்ன தார்ப்பாய்! நல்ல கனம், நீல நிறம், ஓரமெல்லாம் கயிறு கோக்க வளையம் அடித்தது. விரித்தால் பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டை முழுசாக மூடலாம். பச்சைக் குழந்தைக்காரி ஒருத்தி என் அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்கும் கூரை போய்விட்டது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இழுத்துக் கட்டினால் அம்மாவும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. மற்ற வீடுகளில் ஆளுக்கு ஓர் அறையாவது நனையாமல் இருந்தது. இதைச் சொல்லலாம் என்று ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது தார்ப்பாயை நடுத்தெருவில் விரித்து, அண்ணன் அதன்மேல் மண்டியிட்டு அளந்துகொண்டிருந்தான். கையில் இருந்தது என் இஞ்ச் டேப். பக்கத்தில் என் பெரிய கத்தரிக்கோல். இடிந்த கடைக்குள் நுழைந்து எடுத்து வந்திருக்கிறான். மெஷினை வெளியே எடுத்துத் தர ஆள் கிடைக்காத கடைக்குள்.

"என்னண்ணா பண்றே?"

"சமமாப் பிரிக்கிறோம். தெருவுல எத்தனை வீடோ அத்தனை துண்டு. ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் குறைச்சல்னு பேச்சு வரக்கூடாது."

ஒரு நிமிஷம் விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். என் அண்ணனுக்கு விளையாடத் தெரியாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

"உனக்கு மூளை கீளை கழண்டு போச்சா? வெட்டினா ஆளுக்கு ஒரு மேஜை விரிப்புதான் மிஞ்சும். எந்தக் கூரைக்குப் போதும்? முழுசா கட்டு. ரெண்டு வீடாவது தப்பிக்கும்."

"அந்த ரெண்டு வீட்டுல ஒண்ணு உன்னோடது" என்றான், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவன் மாதிரி. சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். "எங்க அம்மாவா இருந்தாலும் எனக்கு எல்லா வீடும் ஒண்ணுதான்."

இரண்டு பேர் கைதட்டினார்கள். நான் தார்ப்பாயின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவன் என்னைச் சுற்றி வெட்டினான். கடைசியில் நான் உட்கார்ந்திருந்த துண்டையே எனக்குரிய பங்கு என்று அறிவித்துவிட்டு, கத்தரிக்கோலை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். துணி வெட்டுகிற கத்தரி அது. முனை மழுங்கிப் போயிருந்தது.

சாயங்காலத்துக்குள் சமத்துவம் தெரு முழுக்கப் பறந்தது. இஸ்திரிக்காரர் தன் பங்கை வண்டியின் கரிப்பெட்டி மேல் போட்டார். ஆட்டோக்காரர் சீட்டுக்கு விரித்தார். ஒருவர் நாய்க்குப் போர்த்தினார். கோடி வீட்டுக்காரர் சுவர் இல்லாத வீட்டின் வாசலில் கால்மிதியாகப் போட்டிருந்தார். ஒருவரும் யாரிடமும் குறை சொல்லவில்லை. அந்த வகையில் திட்டம் வெற்றிதான். துண்டுகளை வாங்கித் தைத்தால் என்ன என்று கேட்காதீர்கள். மெஷின் மரத்தடியில் கிடக்கிறது. கையால் தைத்து முடிக்க அந்தச் சாயங்காலம் போதாது. தைத்தாலும் ஊசி போன துளையெல்லாம் ஒழுகும்.

என் துண்டை அம்மா மேல் போர்த்திப் பார்த்தேன். தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் நெஞ்சு தெரிந்தது. நெஞ்சைத்தான் மூடினேன்.

முதல் தூறல் விழுந்ததும் எனக்குள் என்னவோ அறுந்தது. தெருவில் இறங்கிக் கத்தினேன். இஸ்திரிக்காரர் வந்தார், ஆட்டோக்காரர் வந்தார், கைக்குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்காரியும் வந்தாள். கட்டிலின் நான்கு காலையும் நான்கு பேர் பிடித்தோம். ஒவ்வோர் அடிக்கும் அம்மா முனகினாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, "மெதுவா, அவன் வீட்டுல யாராவது வந்திருக்கப் போறாங்க" என்றாள். அப்போதும் அவளுக்கு அவன் கவலை.

வந்துதான் இருந்தார்கள். தார்ப்பாய் அனுப்பிய சங்கத்திலிருந்து ஓர் அம்மாளும் இரண்டு ஆண்களும் அண்ணன் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் சொந்தக் குடும்பத்துக்குக்கூடச் சலுகை காட்டாமல் விநியோகம் செய்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள் கட்டிலோடு உள்ளே நுழைந்து, சிவப்புத் துணி அடுக்கைக் காலால் தள்ளிவிட்டு, நனைந்த அம்மாவை நடு ஹாலில் இறக்கினோம். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ பாவம், யாரு இவங்க?" என்று அந்த அம்மாள் எழுந்து வந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"பாதிக்கப்பட்டவங்கம்மா. பக்கத்துலதான் வீடு. கூரை போயிடுச்சு. நாங்கதான் இங்க தூக்கிட்டு வரச் சொன்னோம்."

"இந்த வயசுல… சொந்தம்னு யாரும் இல்லையா இவங்களுக்கு?"

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தான். அண்ணி தரையில் சிதறிய துணியைப் பொறுக்கக் குனிந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை தயாராக இருந்தது. அதற்குள் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தாள். காலையிலிருந்து வருவான் வருவான் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்த கண்தான் அது. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

"ரொம்ப நன்றிங்க ஐயா. உங்களை மாதிரி பிள்ளையைப் பெத்தவ யாரோ, குடுத்து வச்சவ."

குரலில் குத்தல் துளியும் இல்லை. முன்பின் தெரியாதவருக்குச் சொல்கிற நன்றி எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. சங்கத்து அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட வந்தவர் போட்டோ எடுத்தார். மழை வலுப்பதற்குள் கிளம்ப வேண்டும் என்று அண்ணனின் கையைக் குலுக்கிவிட்டு மூன்று பேரும் போனார்கள்.

கார் கிளம்பிய சத்தம் அடங்கியதும் அண்ணன் கட்டிலருகே வந்து உட்கார்ந்தான். சலவைச் சட்டையின் நுனியாலேயே அம்மாவின் ஈர நெற்றியைத் துடைக்கப் போனான்.

"அம்மா, அவங்க இருந்ததால அப்படிச் சொல்ல வேண்டியதாப் போச்சும்மா. நீ தப்பா எடுத்துக்காதே."

இப்போது அங்கே வெளி ஆள் யாரும் இல்லை. நாங்கள் மட்டும்தான் இருந்தோம். அம்மா அவன் கையை மெதுவாக விலக்கினாள்.

"நீங்க போங்கய்யா" என்றாள். "உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

அவன் என்னைப் பார்த்தான், நானாவது திட்டமாட்டேனா என்பது போல. எனக்கு அதற்கு மேல் திட்ட ஒன்றும் மிச்சமில்லை.