முதல் வாய்

கடலுக்கு அடியில் இன்னொரு ஏரி இருக்க முடியுமா என்று கேட்பவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கடல்தரையில் ஒரு பெரிய பள்ளம். உப்பு மண்டிக் கனத்துப்போன நீர், மேலே உள்ள நீரோடு சேராமல், அந்தப் பள்ளத்தில் தனியே தேங்கிக் கிடந்தது. அதற்கென்று கரை இருந்தது. சின்னச் சின்ன அலை வந்து அந்தக் கரையைத் தொட்டுவிட்டுப் போகும். உள்ளே விழுந்த எதுவும் உயிரோடு திரும்புவதில்லை. அழுகுவதும் இல்லை.

விலாங்கு மட்டும் உள்ளே போய்வரும். ஏரியின் அடியில் உப்பில் ஊறிக் கிடக்கும் செத்த மீன்களுக்கு ஆசைப்பட்டு உள்ளே பாயும். ஒரு வாய் கவ்விக்கொண்டு வெளியே வரும்போது பாதி உயிர் போயிருக்கும். கரையில் விழுந்து துடிக்கும். வலி தாங்காமல் தன் உடம்பையே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். சில அப்படியே செத்துப்போகும். சில முடிச்சை அவிழ்த்துக்கொண்டு எழுந்து, பட்டும் புத்தி வராமல், மறுபடி ஏரிக்கே போகும். அதற்குள் பொறுக்கிவிட்டால் அது மனிதர்களுக்கு உணவு.

மனிதர்கள் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி இரும்புக் கூடங்களில் இருந்தார்கள். மேலே போகும் வழி அடைபட்டு இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. கூடத்துக்குக் கூடம் குனிந்து நடக்கும் குழாய்வழிகள், சுவரெல்லாம் வியர்வை, எந்நேரமும் காற்றை உந்தும் எந்திரத்தின் இரைச்சல். அந்த இரைச்சல் கொஞ்சம் சுருதி மாறினாலும் தூங்குகிறவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

கொக்கியின் வேலை விலாங்கு பொறுக்குவது. முனை வளைந்த நீளக் கம்பியால் முடிச்சு விழுந்த விலாங்கைத் தூக்கிக் கூடையில் போடுவாள். ஊர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதனால்தான். கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறவன் அவள் தம்பி. அம்மா போன பிறகு அவனை வளர்த்தது அவள்தான். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்த பிறகும், கரைக்குக் கிளம்பும்போதெல்லாம், "சட்டியை ஒழுங்கா மாட்டினியா?" என்று கேட்காமல் விடமாட்டாள். தலையில் மாட்டும் செம்புக் கவசத்தை அங்கே சட்டி என்பார்கள். முகத்துக்கு நேரே அதில் ஒரு வட்டக் கண்ணாடி, கதவு போலத் திறந்து மூடித் தாழ் போடும்படி இருக்கும்.

"மாட்டிட்டேன் தாயே. மூக்கு சிந்தி விடறது ஒண்ணுதான் பாக்கி" என்பான் அவன்.

அந்த வருஷம் சிப்பிகள் சாகத் தொடங்கியிருந்தன. கரை முழுக்க அப்பிக் கிடந்த அந்தச் சிப்பிகள் வெளிச்சம் என்றால் என்னவென்று அறியாதவை. தரை வெடிப்பில் கசிந்த வாயுவை உண்டு வாழ்ந்தவை. வாயு குறைந்தது, சிப்பிகள் வாய் பிளந்தன. பாறை மாதிரி இருந்த கரை, காலை வைத்தால் முட்டை ஓடு போல நொறுங்கியது.

அப்படி நொறுங்கிய இடத்தில்தான் அவன் கால் வைத்தான். கத்தியிருப்பான், சட்டிக்குள் கத்துவது வெளியே கேட்காது. ஈயம் அடித்த காலணி அவனை நேரே கீழே இழுத்தது. கொக்கி தன் கம்பியை நீட்டினாள். எதுவோ மாட்டியது. பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். வந்தது கூடை.

முன்பெல்லாம் கரைக்குப் போகிற இருவரும் கயிற்றால் பிணைத்துக்கொண்டு போவார்கள். ஒருவர் விழுந்தால் இருவரும் போனார்கள் என்பதால் அந்த வழக்கத்தை விட்டுவிட்டிருந்தார்கள். அதனால் அவள் கரையில் நின்றாள். அவன் நெற்றி விளக்கு அணையாமல் அடியில் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. விழுந்த வேகத்தில் கல்லில் மோதித் தாழ் தெறித்திருக்க வேண்டும். கண்ணாடி திறந்து கிடந்தது. அவள் திரும்புவதற்குள் விலாங்குகள் வெளிச்சத்தைத் தேடி வரத் தொடங்கிவிட்டன.

*

ஏரிக்கு ஒருவர் போய்விட்டால், அதில் விழுந்து செத்தால், ஊர் விலாங்கைத் தின்னாது. போனவர் வீட்டில் ஒருவர், கூட இருந்தவரிடம், "கண்ணாடி மூடியிருந்ததா?" என்று கேட்க வேண்டும். மூடியிருந்தது என்று பதில் வந்தால் அந்த வீட்டார் முதல் வாய் சாப்பிடுவார்கள். பிறகு ஊர் சாப்பிடும். கண்ணாடி மூடியிருந்தால் விலாங்கால் உள்ளே புக முடியாது. சாப்பிடுகிறவர்கள் தலையில் பாவம் இல்லை. இத்தனை காலத்தில் வேறு பதில் வந்ததே இல்லை. துக்கம் ஆறுகிற வரை சிப்பியைத் தின்று காத்திருப்பார்கள். யாரும் யாரையும் அவசரப்படுத்தியதில்லை.

இந்த முறை சிப்பி இல்லை.

ஊர் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி ஆள் கூட்டிக்கொண்டு போய் விலாங்கு பிடித்து வந்து, சாப்பாட்டுக் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் விட்டிருந்தார். எல்லாரும் அதன் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மிச்சமிருந்த சிப்பியை வேகவைத்த தண்ணீரைக் குடித்தார்கள்.

"என்ன மாமா, உப்பே இல்லாம இதுக்குப் பேரு சாறா?" என்று குழாய் செப்பனிடுகிறவன் சமையல்காரரைச் சீண்டினான். "ஊரைச் சுத்தி உப்பு. உங்க கை மட்டும் இப்படிக் கஞ்சமா இருக்கு."

"பாத்திரம் கழுவின தண்ணிக்கு எவ்வளவுடா உப்பு போடுவே? வாயை மூடிட்டுக் குடி."

"மூடிட்டு எப்படி மாமா குடிக்கறது?"

சிலர் சிரித்தார்கள். அவன் சிரித்தபடியே திரும்பித் தொட்டியைப் பார்த்துவிட்டான். "யப்பா, இவ்வளவு கொழுத்த விலாங்கைப் பார்த்து எத்தனை நாளாச்சு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.  கொக்கி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மேஸ்திரி காற்று எந்திரத்தின் அருகே வால்வு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். பல வருஷம் முன்பு கொக்கியின் கணவர் ஏரிக்குப் போனபோது கூட இருந்தவர் அவர்தான். கண்ணாடி மூடியிருந்தது என்று அவளிடம் சொன்னவரும் அவர்தான்.

"அண்ணே, என் வீட்டுக்காரர் போனப்போ நீங்க ஒரு பதில் சொன்னீங்க."

"சொன்னேன்."

"அது நிஜமா?"

மேஸ்திரி துடைப்பதை நிறுத்தவில்லை. "அன்னைக்கு நீ சாப்பிட்டியா இல்லையா?"

"சாப்பிட்டேன்."

"இப்போ என் முன்னாடி உயிரோட நிக்கறியா இல்லையா?"

"நிக்கறேன்."

"அப்புறம் என்னம்மா?" துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உன் தம்பி பொண்டாட்டி இன்னும் உன்னைக் கேக்கலே. கேக்கப் பயப்படறா. நீயே போய் நில்லு. ஒரே வார்த்தை. பெரியவங்களாவது பல்லைக் கடிச்சுட்டு இருப்பாங்க. சின்னதுங்க தாங்காது."

கொக்கி குழாய்வழியில் நடந்தாள். தன் வயிற்றில் கை வைத்தாள், சட்டென்று எடுத்துவிட்டாள். அன்று தின்றதை நினைத்து இத்தனை வருஷம் கழித்துக் குமட்டி என்ன ஆகப்போகிறது?

*

தம்பி மனைவி கட்டிலோரம் உட்கார்ந்து பிள்ளையை மார்பு மாற்றி மார்பு போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை இரண்டு இழுப்பு இழுக்கும். ஒன்றும் வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். அந்த அழுகையிலும் சத்து இல்லை. ஆணியில் தம்பியின் மாற்றுச் சட்டை தொங்கியது.

"வாங்க அக்கா. உக்காருங்க."

கொக்கி நின்றுகொண்டே இருந்தாள்.

"வெளியே தலை காட்ட முடியலே" என்றாள் தம்பி மனைவி. "பாத்திரம் கழுவப் போனாக்கூட எல்லாரும் என் வாயையே பாக்கறாங்க. யாரும் ஒண்ணும் சொல்றதில்லே. சொன்னாத் தேவலை. பக்கத்து அறைக்காரம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க அக்கா. அவங்க பொண்ணு பசியில எழுந்திருக்க முடியாமக் கிடக்கு, நான் சீக்கிரம் கேக்கணும்னு சிரிக்கிறாங்க."

"கேக்க வேண்டியதைக் கேட்டுடு."

அவள் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். வெகுநேரம் அதன் முதுகைத் தட்டினாள். பிறகு சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"கண்ணாடி மூடியிருந்ததா அக்கா?"

குழாய்வழி நெடுக அந்த ஒற்றைச் சொல்லை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்திருந்தாள் கொக்கி. மேஸ்திரியின் குரலிலேயே அது பாடமாகியிருந்தது. வாயைத் திறந்தபோது அந்தக் குரல்தான் தொண்டையில் வந்து நின்றது. அதே குரல், அதே சொல். அன்று அதைக் கேட்டுவிட்டு, கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, தட்டை வழித்து நக்கியவள் அவள்.

"திறந்திருந்தது."

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"தாழ் தெறிச்சுடுச்சு. நான் பார்த்தேன்."

"அவருக்கு வலிச்சிருக்குமா?"

"உப்பு உள்ளே போனதும் ஒரு நொடிதான்."

"இது நிஜமா, இல்லே எனக்காகச் சொல்றீங்களா?"

கொக்கி யோசித்தாள். "தெரியலே" என்றாள்.

தம்பி மனைவி அழவில்லை. அவள் முகம் கோபத்தில் இறுகியது. "பொய் சொல்லியிருக்கலாமே நீங்க. எல்லாரும் சொல்றதுதானே?"

"சொல்லத்தான் வந்தேன்."

"வந்தீங்களே, சொன்னீங்களா? உங்களால சுமக்க முடியலே. இறக்கி என் தலையில வெச்சுட்டீங்க. நான் இதை எங்கே கொண்டு போய் இறக்கறது? இதோ, இவன் தலையிலயா?"

 அவள் சொன்னது அத்தனையும் சரி. அடித்திருந்தால் கொக்கி வாங்கிக்கொண்டிருப்பாள்.

பிள்ளை மறுபடி மார்பைத் தேடியது. கிடைத்த இடத்தில் வாயை வைத்தது. சட்டைத் துணியைச் சப்பத் தொடங்கியது. தம்பி மனைவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். துணியை மெல்ல அதன் வாயிலிருந்து விடுவித்தாள். அது மீண்டும் கவ்வியது. மீண்டும் விடுவித்தாள். பிறகு எழுந்து தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

"இவனைப் பிடிங்க" என்றாள். "இல்லே, வேணாம். நானே தூக்கிக்கறேன். வாங்க."

*

அவர்கள் உள்ளே வந்ததும் கூடம் எழுந்து நின்றது. தெம்பில்லாதவர்கள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி ஒன்றும் கேட்காமல் சமையல்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். தொட்டியில் தண்ணீர் கலங்கியது. பலகையில் கத்தி விழும் சத்தம் கேட்டது. அடுப்பில் கொழுப்பு சீறியது. அந்த மணம் பரவியபோது யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். துக்கத்தால் அல்ல, பசியால்.

தட்டு வந்தது. ஆவி பறந்தது.

"முறைப்படி கேட்டுடறேன்" என்றார் மேஸ்திரி. "கூட இருந்தவங்க சொல்லணும். கண்ணாடி?"

எல்லாக் கண்களும் கொக்கியின் மேல் விழுந்தன. பக்கத்து அறைக்காரம்மா தன் பெண்ணை மடியில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணின் வாயைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். கொக்கி வாயைத் திறந்தாள்.

"மூடியிருந்தது."

சொன்னது தம்பி மனைவி. குரல் கூடத்தின் கடைசி வரை கேட்டது.

"அக்கா பார்த்தாங்க. எங்கிட்டச் சொல்லிட்டாங்க. சும்மா அவங்களை நிக்க வெச்சுக் கேக்காதீங்க."

மேஸ்திரி அவளைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். தம்பி மனைவி பிள்ளையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, உட்கார்ந்து, ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். அவள் கழுத்து நரம்பு புடைத்து இறங்கியது. கூடம் மூச்சை விட்டது. பெஞ்சுகள் நகர்ந்தன, கிண்ணங்கள் நீண்டன. "தள்ளாதீங்கடா, எல்லாருக்கும் இருக்கு!" என்று சமையல்காரர் கரண்டியால் மேசையைத் தட்டினார்.

தம்பி மனைவி தட்டைக் கொக்கியின் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடுங்க அக்கா."

அந்தக் குரலில் அன்பும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. வேலையில் ஒரு பக்கத்தைத் தூக்கியவள், மறுபக்கத்தை நீ தூக்கு என்று சொல்கிற குரல்.

கொக்கி உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்தாள். விரலில் கொழுப்பு வழிந்தது. கசக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். தொண்டை அடைக்க வேண்டும், வாந்தி வர வேண்டும், ஏதாவது ஒன்று தடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வாயில் வைத்தாள்.

ருசியாக இருந்தது. வெண்ணெய் போலக் கரைந்து தானாக உள்ளே இறங்கியது. காய்ந்து கிடந்த வயிறு அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. கண்ணில் நீர் நிறைந்து எதிரே இருந்தவள் முகம் கலங்கியது. கலங்கலுக்கு அப்பால், தம்பி மனைவி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் மென்றுகொண்டிருந்தாள்.

கொக்கி கண்ணைத் துடைக்கவில்லை. கை தன்பாட்டில் அடுத்த துண்டுக்குப் போய்விட்டது.