கொடிக்காலுக்கு ஒரு வடிகால்

நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த பண்ணை நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது வேம்பு உயிரோடு இல்லை. அவன் மனைவி நீலாம்பாள் பேருக்குப் பட்டா வந்தது. பக்கத்துத் துண்டு மருதையனுக்கு. கூலிச் சண்டையில் வேம்புவோடு அடிபட்டு, வேம்புவோடு ஜெயிலுக்குப் போனவர் அவர்.

எல்லோரும் நெல் நட, நீலாம்பாள் மட்டும் வெற்றிலைக் கொடிக்கால் போட்டாள். களிமண்ணில் ஆற்று மணலும் வண்டலும் கொட்டி, பாத்திகளை முழங்கால் உயரம் தூக்கி, நடுவே பள்ளம் வெட்டி, அகத்தியில் கொடி ஏற்றினாள். வெற்றிலைக்குத் தினமும் ஈரம் வேண்டும். தண்ணீர் தேங்கினாலோ வேர் அழுகிவிடும்.

அடுத்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பள்ளங்கள் நிரம்பின. தண்ணீர் ஊர் வடிகாலுக்கு இறங்க மருதையன் வயல்தான் வழி. அங்கே அப்போதுதான் பச்சை பிடித்த சம்பா நாற்று.

"அண்ணே, வரப்பக் கொஞ்சம் வெட்டி விடுங்க. கொடி தாங்காது."

"என் நாத்தே தத்தளிக்குது. ஒன் தண்ணியும் வந்தா முழுகிடும். நான் என்ன செய்யட்டும், சொல்லு."

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் அவளை வதைத்தது. பண்ணையோடு மோதியபோது நியாயம் யார் பக்கம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மேற்கே பண்ணைத் தோப்புக்குள் ஒரு பழைய வடிகால் அடைபட்டுக் கிடந்தது. நீலாம்பாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பண்ணையார் அமிர்தலிங்கத்தின் வாசலில் போய் நின்றாள்.

"தொறந்து விடச் சொல்றேன்," என்றார் அவர். "மருதையன் நெலத்தத் திருப்பிக் கேட்டு நான் போட்ட வழக்குல, அவனுக்கு நீ சாட்சி சொல்லப் போறியாமே. அன்னைக்கு ஒடம்புக்கு முடியலன்னு வீட்லயே இருந்துடு."

"யோசிச்சுச் சொல்றேங்க," என்று திரும்பினாள். வரப்பேறுவதற்குள் யோசித்து முடித்துவிட்டாள்.

மருதையனின் வரப்பை ஒட்டியிருந்த பாத்தியில் இறங்கி, தழைத்து நின்ற கொடிகளைத் தன் கையாலேயே பிடுங்கினாள். அந்த இடத்தில் தண்ணீருக்குக் குழி வெட்டத் தொடங்கினாள். மருதையன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் ஓரத்து நாற்று வரிசையைப் பறித்து எறிந்துவிட்டு மண்வெட்டியோடு வந்தார். இருவரும் வெட்டிய வாய்க்கால், எல்லையோரமாகவே நீண்டு ஊர் வடிகால்வரை போயிற்று. வெட்டிய மண்ணை அவர் பக்க வரப்பில் ஏற்றினார்கள். நாற்று பிழைத்தது. கொடியில் பாதிதான் தேறியது.

தை மாதம் தஞ்சாவூர்க் கோர்ட்டில் அவள் சாட்சி சொன்னாள். நிலம் மருதையனுக்கே நின்றது. திரும்பும் பஸ்ஸில்தான் பண்ணையார் கேட்டதைச் சொன்னாள்.

மருதையன் அவள் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒடனே வரப்ப வெட்டியிருப்பேனே, நீலாம்பா."

"வெட்டியிருப்பீங்க. நாத்தும் போயிருக்கும். அதான் சொல்லல."