மாவு மில்லை எத்தனை அடி உயர்த்துவது

போன டிசம்பர் வெள்ளத்தில் மாவு மில்லுக்குள் எத்தனை அடி தண்ணீர் நின்றது? சாதாரணக் கேள்விதான். ஆனால் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. மில் நடத்தும் கலைவாணி இடுப்பளவு என்றாள். எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் ரங்கநாதன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவர் நெஞ்சும் அவள் இடுப்பும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தானே என்று கொத்தனார் வீராசாமி வாயை விட, ரங்கநாதன் ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

சுவரைப் பார்த்தால் தெரிந்துவிடாதா? அங்கேதான் வம்பு. வெள்ளம் வடிந்தபோது சுவரில் சேற்றுக் கோடு பளிச்சென்று இருந்தது. ஆனால் அடுத்த மாதமே பொங்கல். சேறு படிந்த சுவரை வைத்துக்கொண்டு பொங்கல் வைக்க யாருக்கு மனசு வரும்? கலைவாணியே சுண்ணாம்பு கரைத்து இரண்டு பூச்சு அடித்தாள். தெருவே அடித்தது. அட, ஓர் ஆணியாவது அடித்து வைத்திருக்கலாம்! அத்தனை பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அந்த வெள்ளத்தில் மோட்டார் முழுகி, உள்ளே செப்புக் கம்பிச் சுருள் கருகி, சரிபண்ணி வர மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் பாதி வாடிக்கை திண்டிவனம் ரோட்டு மில்லுக்குப் போய்விட்டது. இன்னொரு முறை முழுகினால் கதவைச் சாத்த வேண்டியதுதான். கலைவாணிக்கு வேறு தொழில் தெரியாது. மழைக்காலம் நெருங்கவும் கொத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"நாலடிக்கு மேடை கட்டி, மெஷினு மோட்டாரு எல்லாத்தையும் மேல ஏத்திடலாம்மா" என்றார் வீராசாமி.

"அஞ்சடி வந்துட்டா இன்னா பண்றது மேஸ்திரி?"

"எத்தினி அடி வரும்னு எங்கிட்ட சொல்லிட்டா வருது? நீ ஒரு அளவு சொல்லு, நான் கட்டறன்."

அந்த நேரம் பார்த்து மீனம்பாள் கேழ்வரகு டின்னோடு வந்தாள். சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள். வீடு ஏரிக்கரையை ஒட்டிய தெருவில். அவள் எந்த மில்லுக்குப் போகிறாளோ, அந்தத் தெரு முழுவதும் அங்கேதான் போகும். கலைவாணி, மேடைக்கு ஏற வேண்டிய படிபோலச் செங்கற்களை அடுக்கி, "அக்கா, டின்னோட இதுல ஏறிப் பாரேன்" என்றாள். மீனம்பாள் இரண்டு படி ஏறினாள். மூன்றாவதில் தள்ளாடி இறங்கிவிட்டாள்.

"இன்னாடி இது? நான் மாவு அரைக்க வந்தனா, ராஜகிரிக் கோட்டை ஏற வந்தனா? கீழ உக்காந்து டிக்கெட்டு கிழி, வெளியூர்க்காரன் வருவான்!"

ரங்கநாதன் விழுந்து விழுந்து சிரித்தார். கலைவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. தாழ்த்திக் கட்டினால் மோட்டார் போகும். உயர்த்திக் கட்டினால் மீனம்பாள் போவாள்.

இரண்டு நாள் இதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளத்தில் உண்மையிலேயே கெட்டுப்போனது எது? மெஷின் கெடவில்லையே. கழுவி கிரீஸ் வைத்ததும் ஓடியது. போனது மோட்டாரும் ஸ்டார்ட்டர் பெட்டியும்தான். அப்படியென்றால் அவை மட்டும் ஏறினால் போதாதா? எத்தனை அடி என்று எவருக்கும் தெரியாத பட்சத்தில், கூரை இடம் விடும் அளவுக்கு ஏற்றிவிட வேண்டியதுதான். வெல்டரைக் கூப்பிட்டு, சுவரில் ஏழடி உயரத்தில் இரும்புச் சட்டம் அடித்து மோட்டாரையும் ஸ்டார்ட்டர் பெட்டியையும் உட்கார வைத்தாள். அங்கிருந்து நீளமான பெல்ட் ஒன்று கீழே மெஷினுக்கு இறங்கியது. வீராசாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசியில் இரண்டு முறை ரெட் அலர்ட் என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். இரண்டு முறையும் வெயில் மண்டையைப் பிளந்தது. ரங்கநாதன் தினமும் மோட்டாரை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டு, விபூதி கேட்டார். மூன்றாவது அலர்ட்டை எவரும் சட்டை செய்யவில்லை. அன்றைக்குத்தான் கொட்டியது. விடிவதற்குள் மில்லில் தொடையளவு தண்ணீர்.

மோட்டாரில் ஒரு சொட்டுப் படவில்லை. நான்காம் நாள் கரண்ட் வந்தது. மெஷினைக் கழுவி கிரீஸ் வைத்து, சாமியைக் கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டாள். ஓடியது! கலைவாணிக்கு அழுகையே வந்துவிட்டது.

கதவை விரியத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். மத்தியானம் வரை ஓர் ஆள்கூட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எல்லாரும் மறுபடி திண்டிவனம் ரோட்டுக்கே போய்விட்டார்களா என்று தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்கும் மறுநாள் மீனம்பாள் வந்தாள். டின்னை இறக்கி மூடியைத் திறந்தாள். புளித்த நாற்றம் குப்பென்று அடித்தது. கேழ்வரகு ஊறி முளைவிட்டிருந்தது.

"இத அரைக்க முடியுமா, கலை?"

"மெஷின்ல அப்பிக்கும்கா. காய வெச்சு எடுத்தாந்தா..."

"எங்க காய வெக்கிறது? வீட்ல இன்னும் சேறு போவல. தெரு பூரா இதே கதிதான். உன் மோட்டாரு மேல இருந்துச்சு, தப்பிச்சிச்சு. எங்க கேவுரு கீழ இருந்துச்சு."

அவள் குத்திக்காட்டவில்லை, நடந்ததைத்தான் சொன்னாள். ஆனால் கலைவாணிக்குச் சுருக்கென்றது. எதெல்லாம் நனையக் கூடாது என்று இரண்டு நாள் யோசித்தாளே, அதில் இந்த டின் ஒருமுறைகூட அவள் நினைவுக்கு வரவில்லை. மில் முழுசாக இருக்கிறது. அரைக்கத்தான் ஒன்றும் இல்லை.

மேலே, மோட்டாருக்கு இந்தப் பக்கம் சுவர் நீளத்துக்கும் காலியாகக் கிடந்தது.

"உங்க தெருவுல எத்தினி வீடுக்கா?"

"முப்பத்தி ரெண்டு. இன்னாத்துக்கு?"

"இந்தச் செவுரு நெடுக பரண் அடிச்சிடறன். அடுத்தவாட்டி அலர்ட்டுன்னு சொன்னா, நம்புறமோ இல்லியோ, எல்லா டின்னையும் கொண்டாந்து இங்க ஏத்திடுங்க."

மீனம்பாள் அண்ணாந்து பார்த்தாள். "தண்ணி அதுக்கும் மேல வந்துட்டா?"

"வந்துட்டா என்னுதும் போவும், உங்களுதும் போவும்."

மீனம்பாள் டின் மூடியை அழுத்தி மூடினாள். "சரி, அடி" என்றாள். பிறகு டின்னைத் தூக்கிக்கொண்டு, கேழ்வரகைக் கொட்ட வெளியே போனாள்.