பத்துக்கு எத்தனை

அன்றைக்கு அது பதினேழாவது கை. நரம்புச் சோதனை அறையில் இருபத்திரண்டு வருடமாகக் கரன்ட் வைத்துக் கொண்டிருப்பவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஷாக்கு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. உட்கார்ந்தபடியே சீட்டை வாங்கினார்.

வந்தவள் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் ஈரப் படுக்கை விரிப்புகளை உதறி மடிப்பவள். எட்டு மாதமாக வலது மணிக்கட்டில் வலி. கூட வந்த கணவர் பஸ் டிரைவர், சீருடையைக்கூட மாற்றவில்லை.

"வலி பத்துக்கு எத்தனைம்மா?"

"எட்டு இருக்கும் சார்."

"எட்டாம்! என் தங்கச்சி வீட்டுக்கு வந்தா பதினெட்டு ஆயிடும்," என்றார் டிரைவர். "சார், மெஷின் நார்மல்னு சொல்லிட்டா இனிமே வலின்னு வாயத் திறக்க மாட்டேன்னு ஒத்துக்கிட்டுத்தான் வந்திருக்கா. திங்கக்கிழமை வேலைக்குப் போயிடணும்."

அவள் வலது கையை நீட்டினாள்.

ஷாக்கு அண்ணன் கையைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது. குளிர்ந்த கையில் நரம்பு வழியே கரன்ட் மெதுவாகத்தான் ஓடும். அப்படியே சோதித்தால் நல்ல கையும் நோயாளிக் கையாகத் திரையில் விழும். அதனால் முதலில் பத்து நிமிடம் வெந்நீரில் வைக்க வேண்டும். இன்று வைக்காவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? இவளும் தப்பித்துக்கொள்வாள். சிறிது நேரம் அந்தக் கையைப் பிடித்தபடி இருந்தார். ஆனால் பொய் சொல்லி நல்லது செய்ய அவருக்கு வரவில்லை. 'ஆண்டவரே, நீரே பார்த்துக்கொள்ளும்' என்று முனகிக்கொண்டு வெந்நீர் பிடித்து வரப் போனார்.

ஏழு தடவை கரன்ட் வைத்தார். ஒவ்வொரு தடவையும் விரல்கள் துள்ளின. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பத்துக்கு எத்தனை?"

"மூணு சார்."

திரையில் எல்லாம் சரியாக இருந்தது. அதைச் சொன்னார்.

"பாத்தியா!" என்றார் டிரைவர். "நான் சொன்னாத்தான் பொய்."

அவள் கையைத் துடைக்கத் துணி தேடினாள்.

ஷாக்கு அண்ணன் பேசாமல் விட்டிருக்கலாம்; அவ்வளவு களைப்பு. "தம்பி, நரம்புல கரன்ட் எவ்வளவு வேகமா ஓடுதுன்னுதான் இது பாக்கும். வலியப் பாக்காது."

"அப்ப வலியப் பாக்கிற மெஷின்ல போடுங்க."

"அது இன்னும் பொறக்கல."

"பேருதான் பெரிய ஆஸ்பத்திரி! சரி, எனக்கு ஒண்ணு போடுங்க. அப்படி என்னதான் பண்ணுதுன்னு பாப்போம்."

அவளுக்கு வைத்த அதே அளவை வைத்தார். டிரைவர் எகிறிய எகிறில் முக்காலி கவிழ்ந்தது.

"ஐயோ அம்மா! யோவ், கொல்லப் பாக்கிறியா?"

"பத்துக்கு எத்தனை தம்பி?"

"ஒன்பது! ஒன்பதே முக்கால்!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். டிரைவரும் சிரிக்கத்தான் பார்த்தார். பிறகு திரையில் இருந்த கரன்ட் அளவைப் பார்த்தார்.

"அவளுக்கும் இதேதான் வச்சீங்களா?"

"இதேதான். ஏழு தடவை."

"மூணுன்னாளே."

"அத வச்சு அவங்க எட்டு இவ்வளவுன்னு கணக்குப் போட்டுடாதீங்க. உங்க ஒன்பதுக்குள்ள நான் போக முடியாது. அவங்க மூணுக்குள்ள நீங்க போக முடியாது. படைச்சவனுக்குத்தான் தெரியும். நம்மால கேக்க மட்டும்தான் முடியும்."

நார்மல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். டிரைவர் வாங்கிக்கொண்டார், படிக்கவில்லை. கையைத் தேய்த்தபடி நின்றார்.

"எங்க வலிக்குது?" என்று மனைவியிடம் கேட்டார்.

"என்னது?" என்றாள் அவள்.

"எங்கன்னு கேக்குறேன். கைன்னு மட்டும்தான எனக்குத் தெரியும்."

அவள் கட்டைவிரலுக்குக் கீழே ஓர் இடத்தைத் தொட்டாள். "இங்க ஆரம்பிக்கும். விரிப்ப உதறும்போது இப்படியே மேல ஏறி..." விரல் மெதுவாக முழங்கைப் பக்கம் நகர்ந்தது. டிரைவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே பதினெட்டாவது ஆள் இருமினார். ஷாக்கு அண்ணன் அடுத்த ஆளைக் கூப்பிடும் மணியை அடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.